மேனேஜ்டு சுவிட்ச் வாங்கப் போகிறோம்: நாலு பக்க வசதிப் பட்டியலில் எதைப் பார்ப்பது?

ஜவுளிக்கடை_ஐடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்றில் வேலை. கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை, எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வேறு ஆள் இல்லை. பில்லிங் கவுன்டர் 14, கேமரா 32, வைஃபை பெட்டி 9, பாட்டுப் போடவும் அறிவிப்புச் சொல்லவும் மாடிக்கு நாலாக ஐபி ஸ்பீக்கர் 12. இத்தனையும் ஐந்து சாதாரண சுவிட்ச்சில் (செருகினால் ஓடும், உள்ளே போய் எதையும் அமைக்க முடியாத ரகம்), ஒன்றின் வாலில் இன்னொன்றாகத் தொங்குகின்றன.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, முகூர்த்தக் கூட்டம். கவுன்டரை இரண்டடி தள்ளிப் போட எலக்ட்ரீஷியன் வந்தார். கீழே ஒரு கேபிள் முனை அநாதையாகக் கிடந்ததாம். பக்கத்தில் இருந்த எட்டு போர்ட் சுவிட்ச்சில் செருகிவிட்டார். அதன் மறுமுனையும் அதே சுவிட்ச்சில்தான் இருந்தது. அவ்வளவுதான், எல்லா மாடியிலும் சுவிட்ச் விளக்குகள் சாமியாடின. பில்லிங், கார்டு மெஷின், கேமரா எல்லாம் படுத்துவிட்டன. கண்டுபிடிக்க எனக்கு 40 நிமிடம் ஆனது. அதுவரை கையால் பில் எழுதினோம்.

முதலாளியே இப்போது “நல்ல சுவிட்ச் வாங்கு” என்கிறார். விற்பவர் மூன்று விலை கொடுத்திருக்கிறார்: ஸ்மார்ட் (கொஞ்சம் மட்டும் அமைக்கலாம்), எல்2 மேனேஜ்டு (முழுக்க அமைக்கலாம்), எல்3 லைட் (ரவுட்டர் வேலையும் கொஞ்சம் செய்யும்). முதலாவதுக்கும் கடைசிக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டேட்டாஷீட்டில் நாலு பக்கம் சுருக்கெழுத்துகள். இதில் எனக்கு உண்மையிலேயே எது வேண்டும்?

பழையகம்பி

தம்பி, உங்களுக்கு நடந்ததிலிருந்தே ஆரம்பிப்போம். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்தப் பாக்கெட்டைச் சுவிட்ச்சுகள் வழியே சுமக்கும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் கணக்கு கிடையாது. லூப்பில், அதாவது கேபிள் வட்டமாகச் சேர்ந்துவிட்ட இடத்தில், ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் செய்தி) மாட்டினால் கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும் ஒவ்வொரு தடவையும் எல்லா போர்ட்டிலும் ஒரு நகலைத் துப்பும்.

இதற்கு மருந்து ஸ்பேனிங் ட்ரீ. டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-இல் கண்டுபிடித்தது. சுவிட்ச்சுகள் தங்களுக்குள் ஒரு தலைவனைத் தேர்ந்தெடுத்து, அங்கே போக ஒரே ஒரு பாதையை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடைத்துவிடும். பழைய 802.1டி வேண்டாம், பாதை மாற 30 முதல் 50 விநாடி எடுக்கும். 2001-இல் வந்த ஆர்எஸ்டிபி, அதாவது 802.1டபிள்யூ, இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது விலை குறைந்த பெட்டியிலும் இருக்கிறது.

வாங்கியதும் செய்ய வேண்டியது: நடு சுவிட்ச்சின் பிரயாரிட்டியை (தலைவன் தேர்வுக்கான எண், சின்னது ஜெயிக்கும்) 4096 ஆக்குங்கள். எல்லாம் 32768-இல்தான் வரும். அப்படியே விட்டால் மேக் முகவரி (கருவியில் பதித்த அடையாள எண்) எதற்குச் சின்னதோ அது தலைவன் ஆகிவிடும். மூன்றாம் மாடியில் துணி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும் பழைய பெட்டி தலைமை தாங்கினால் உங்கள் கேமரா டிராஃபிக் எல்லாம் மாடி ஏறி இறங்கும்.

ராக்_அடியில்_தூக்கம்

அண்ணன் சொல்வதில் ஒரு திருத்தம். இவருக்கு வந்த லூப்பை ஸ்பேனிங் ட்ரீ பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. லூப் விழுந்தது மேனேஜ்டு சுவிட்ச்சில் இல்லை, கவுன்டருக்குக் கீழே இருக்கும் எட்டு போர்ட் குட்டிப் பெட்டிக்குள். அது பிபிடியுவை (ஸ்பேனிங் ட்ரீக்காகச் சுவிட்ச்சுகள் அனுப்பும் செய்தி) அப்படியே சுற்றித் திருப்பி அனுப்பினால், மேல் சுவிட்ச் “நான் அனுப்பியது எனக்கே வருகிறதே” என்று போர்ட்டை அடைத்துவிடும். அது பிபிடியுவை விழுங்கிவிடும் ரகமாக இருந்தால்? மேலே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. புயல் மட்டும் ஏறி வரும்.

அதனால் பட்டியலில் ‘லூப் ப்ரொடெக்ஷன்’ அல்லது ‘லூப்பேக் டிடெக்ஷன்’ என்று தனியாக ஒன்று இருக்கிறதா பாருங்கள். சுவிட்ச் தானே ஒரு சோதனை ஃபிரேமை அனுப்பி, அது தன்னிடமே திரும்பி வந்தால் போர்ட்டை மூடிவிடும். ஒவ்வொரு கம்பெனியும் தன் பாணியில் செய்திருக்கும், பொதுத் தரம் இல்லை. கூடவே ஸ்டார்ம் கன்ட்ரோல். லூப்பை அது நிறுத்தாது. ஆனால் பிராட்காஸ்ட்டை ஓர் அளவுக்கு மேல் போகவிடாது. கவுன்டர் ஒன்று விழும், கடை விழாது.

பழையகம்பி

சரிதான், ஒத்துக்கொள்கிறேன். குட்டிப் பெட்டிகளைத் தூக்கி எறியச் சொல்லலாம் என்று நினைத்தேன். கடையில் அது நடக்காது.

கவுன்டர் போர்ட்டுகளை ‘எட்ஜ்’ (கம்ப்யூட்டர் மட்டும் செருகும் முனை) என்று குறித்துவிடுங்கள், சில பெட்டியில் ‘போர்ட்ஃபாஸ்ட்’ என்று இருக்கும். இல்லையென்றால் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த போர்ட் 30 விநாடி யோசிக்கும். அதற்குள் டிஹெச்சிபியிடம் (ஐபி முகவரி பங்கிடும் சேவை) கேட்டுக் கேட்டு அலுத்துப்போன விண்டோஸ் 169.254 என்று ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். “பில்லிங் ஓபன் ஆகலை சார்” என்று உங்களுக்கு போன் வரும். எட்ஜ் போட்ட இடத்தில் பிபிடியு கார்டும் (guard, அங்கே பிபிடியு வந்தால் போர்ட்டை மூடும் காவல்) போடுங்கள்.

யாழ்_வலை

ஓம், அதோடு அந்தச் சங்கிலியையும் உடையுங்கோ. ஐந்து சுவிட்ச்சை வால் பிடித்துக் கட்டுறது நல்லதில்லை. 2002 நவம்பரில் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை நாலு நாள் விழுந்து எழும்பின கதை இந்தத் துறையில் எல்லாருக்கும் பாடம். ஸ்பேனிங் ட்ரீயின் வழக்கமான கணக்கு, ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு ஏழு சுவிட்ச்சுக்கு மேலே போகக் கூடாது என்றது. அவையின் வலை கொஞ்சம் கொஞ்சமாய் வளர்ந்து அதைத் தாண்டிவிட்டது. வைத்தியர்கள் கடதாசியில் மருந்து எழுதினவை. உங்களுக்கு ஐந்துதான், ஆனால் அடுத்த வருசம் ஏழாகும். கீழ் மாடியில் ஒன்றை நடுவில் வைத்து, மற்ற எல்லாத்தையும் அதிலிருந்து நேரே இழுங்கோ.

நெட்வொர்க்_அக்கா

லூப் பற்றிப் பேசியாயிற்று. நான் வீலான் பக்கம் வருகிறேன், அதாவது ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பது. 32 கேமராவும் 14 பில்லிங் கவுன்டரும் ஒரே பிராட்காஸ்ட் களத்தில் இருப்பதே தப்பு. கேமராவின் பாஸ்வேர்டை யாராவது உடைத்தால் அங்கிருந்து பில்லிங்குக்கு ஒரு எட்டுதான்.

டேட்டாஷீட்டில் ‘4094 வீலான்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். 802.1க்யூ தரப்படி ஃபிரேமில் ஒட்டும் குறியில் வீலான் எண்ணுக்கு 12 பிட், அதிலிருந்து வந்த கணக்கு அது. உங்களுக்கு ஐந்து போதும்: பில்லிங், கேமரா, வாடிக்கையாளர் வைஃபை, ஸ்பீக்கர், மேனேஜ்மென்ட்.

ஸ்மார்ட் வகையை வாங்கினால் ஓர் இடத்தில் வழுக்கும். வீலான் 20-இல் போர்ட் 7-ஐ ‘அன்டேக்டு’ (குறி ஒட்டாமல்) என்று போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். முடியவில்லை. பல பெட்டிகளில் இன்னொரு பக்கத்தில் பிவிஐடி என்று தனிக் கட்டம் இருக்கும், அதையும் 20 ஆக்க வேண்டும். முதலாவது, வெளியே போகும் ஃபிரேமுக்கு. இரண்டாவது, உள்ளே வரும் ஃபிரேம் எந்த வீலானில் சேர வேண்டும் என்பதற்கு. ஒன்றை மட்டும் மாற்றினால் போக்கு உண்டு, வரவு இல்லை. இதில் நான் ஒரு முழு மதியத்தை இழந்திருக்கிறேன். இன்னொன்று, நீங்கள் உட்கார்ந்திருக்கும் போர்ட்டைக் கடைசியில் மாற்றுங்கள். முதலில் மாற்றினால் உங்களை நீங்களே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள்.

ஜவுளிக்கடை_ஐடி

நன்றி அக்கா, நன்றி அண்ணே. அப்படியானால் வீலான்களுக்கு நடுவே பேச எல்3 வேண்டுமே? விற்பவர் அதைச் சொல்லித்தான் விலை உயர்ந்ததைத் தள்ளுகிறார்.

ராக்_அடியில்_தூக்கம்

வேண்டாம். உங்களிடம் ஃபயர்வால் இருக்கிறதல்லவா, அதுவே செய்யட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா ஒன்று 4 எம்பிபிஎஸ் என்றாலும் 32-க்கு 128. அதுவும் கேமராவும் ரெக்கார்டரும் ஒரே வீலானில் இருந்தால் ஃபயர்வால் பக்கமே போகாது. பில்லிங்கிலிருந்து கேமரா பார்ப்பது மேனேஜர் ஒருவர்தான் இருப்பார். ஃபயர்வால் வழியாகப் போனால் யார் எங்கே போகலாம் என்று விதி எழுதவும் எளிது.

எல்3-க்குக் கொடுக்கும் பணத்தை பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட் கொடுப்பது) வாட்டில் போடுங்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘24 போர்ட் பிஓஇ’ என்று அட்டையில் இருக்கும். எல்லா போர்ட்டிலும் முழு 15.4 வாட் கொடுக்க 370 வாட் வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை அதில் பாதிதான் தாங்கும் என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 802.3ஏடி (802.3at, கூடுதல் வாட் தரும் பிஓஇ தரம்) கேட்கும் வைஃபை பெட்டிக்கு போர்ட்டிலிருந்து 30 வாட் வரை போகலாம். இரவில் கேமராக்களின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் ஒவ்வொன்றும் கூடுதலாக இழுக்கும். பகலில் சரியாக இருந்து, இருட்டினதும் நாலு கேமரா அணைந்தால் காரணம் இதுதான்.

யாழ்_வலை

டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை விட்டுவிட்டீங்களே. வைஃபை எட்டவில்லை என்று யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து லான் பக்கத்திலே செருகுவினம். அது எல்லாருக்கும் 192.168 என்று முகவரி பங்கிடத் தொடங்கும். பாதிப் பேருக்கு வேலை செய்யும், பாதிப் பேருக்குச் செய்யாது. தேடித் தேடிக் களைச்சுப்போவீங்கள். ஸ்னூப்பிங் போட்டால், நம்பகமான போர்ட் என்று குறித்த இடத்திலிருந்து மட்டும்தான் முகவரி வரலாம். ஃபயர்வால் பக்கம் போகிற அப்லிங்க்கை ‘ட்ரஸ்டட்’ என்று குறிக்க மறந்தால் ஒருத்தருக்கும் முகவரி வராது. நான் மறந்திருக்கிறேன்.

ஜவுளிக்கடை_ஐடி

கீழ் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இரண்டு ஃபைபர் போட்டு எல்ஏசிபி (இரண்டையும் ஒரே இணைப்பாகக் கட்டுவது) செய்தால் 2 ஜிகாபிட் கிடைக்கும் என்கிறாரே விற்பவர்?

பழையகம்பி

மொத்தத்தில் கிடைக்கும். ஒருவருக்கே கிடைக்காது. முகவரிகளை வைத்து ஒரு ஹேஷ் கணக்குப் போட்டு, இந்த உரையாடல் இந்தக் கம்பி என்று முடிவு செய்யும். ஒரு கம்ப்யூட்டர் ஒரு சர்வரோடு பேசினால் ஒரு கம்பிதான், 1 ஜிகாபிட்தான். ஆனால் ஒரு கம்பி அறுந்தால் மற்றது ஓடும். அதற்காகப் போடுங்கள், வேகத்துக்காக வேண்டாம்.

அப்புறம் கேபிள் டெஸ்ட். நான் தினமும் தொடும் வசதி இதுதான். எந்த ஜோடி, ஏறக்குறைய எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று பெட்டியே சொல்லும். பால்ஸ் சீலிங்குக்கு மேல் எலி கடித்த இடத்தைத் தேட ஏணியோடு அலைய வேண்டியதில்லை.

நெட்வொர்க்_அக்கா

எஸ்என்எம்பி (சுவிட்ச்சைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வழி) கம்யூனிட்டி, அதாவது அதன் பாஸ்வேர்டு, ‘பப்ளிக்’ என்றே இருக்கும், மாற்றுங்கள். முடிந்தால் அதன் வி3 பதிப்பு. உள்ளே நுழைய, மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டை மூடி, மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் மட்டும். என்டிபி (கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகச் சரிசெய்வது) கண்டிப்பாக. பல சுவிட்ச்சுகளில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரன்ட் போய் வந்தால் லாகில் எல்லாம் ஜனவரி 1 என்று நிற்கும். எப்போது நடந்தது என்று தெரியாத லாகை வைத்து என்ன செய்வது?

மிக முக்கியமாக, சேவ் பண்ணுங்கள். பல பெட்டிகளில் ‘அப்ளை’ வேறு, ‘சேவ்’ வேறு. ஆறு மாதம் நன்றாக ஓடி, ஒரு கரன்ட் கட்டில் எல்லாம் பழையபடி ஆன இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜவுளிக்கடை_ஐடி

*(17 நாள் கழித்து)*

எல்2 மேனேஜ்டு வாங்கியாயிற்று. நடுவில் ஒன்று, மாடிகளுக்கு மூன்று. வீலான் ஐந்து. நீங்கள் சொன்னதெல்லாம் போட்டேன். கடை மூடிய பிறகு குட்டிப் பெட்டியில் வேண்டுமென்றே கேபிளின் இரண்டு முனையையும் செருகிப் பார்த்தேன். மேல் சுவிட்ச்சில் அந்த போர்ட் மட்டும் அணைந்தது, மற்ற கவுன்டர்களில் பில்லிங் வேலை செய்துகொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் வராத குறை.

ஆனால் புதுச் சனியன் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டு நின்றுவிடுகிறது. காலையில் ஸ்பீக்கர்களுக்கு கரன்ட் போட்டதும் நாதஸ்வரம் நன்றாக வருகிறது. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டும் ஒரேயடியாக அமைதி. ஆஃப் பண்ணி ஆன் செய்தால் மறுபடி பாடும், மறுபடி நிற்கும். ஸ்பீக்கரைப் பிங் செய்தால் பதில் வருகிறது. பாட்டு அனுப்பும் குட்டி பிசியும் அதே ஸ்பீக்கர் வீலானில்தான் இருக்கிறது. பழைய சுவிட்ச்சில் வருடக்கணக்காகப் பாடியது. முதலாளி என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை.

நெட்வொர்க்_அக்கா

‘கொஞ்ச நேரம்’ என்றால் எவ்வளவு? போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து சொல்லுங்கள். ஸ்பீக்கர் பாட்டை மல்டிகாஸ்ட்டில்தான் (ஒரே அனுப்பல், கேட்கும் பலருக்கும்) வாங்குகிறதா?

ஜவுளிக்கடை_ஐடி

மூன்று தடவை அளந்தேன். 4 நிமிடம் 19 விநாடி, 4 நிமிடம் 20, மறுபடி 4 நிமிடம் 20. ஆமாம், 239-இல் ஆரம்பிக்கும் முகவரிக்குத்தான் அனுப்புகிறது.

நெட்வொர்க்_அக்கா

4 நிமிடம் 20 விநாடி என்றால் 260 விநாடி. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை டிக் செய்திருக்கிறீர்கள், க்வெரியர் இல்லை. பந்தயம் கட்டுகிறேன்.

கணக்கு இதுதான். க்வெரியர் என்பவர் 125 விநாடிக்கு ஒரு முறை “இந்தப் பாட்டை யாராவது கேட்கிறீர்களா?” என்று கேட்க வேண்டியவர். ஸ்பீக்கர்கள் “நான் கேட்கிறேன்” என்று கை தூக்கும். ஸ்னூப்பிங் போட்ட சுவிட்ச் அதை ஒட்டுக் கேட்டு, கை தூக்கிய போர்ட்டுக்கு மட்டும் பாட்டை அனுப்பும். ஒரு கேள்வி தொலைந்துபோனாலும் பொறுத்துக்கொள்வதற்காக 125-ஐ இரண்டால் பெருக்கி, பதில் வர 10 விநாடி கூட்டுவார்கள். 260. அதற்குள் யாரும் கை தூக்கவில்லை என்றால் பெயரை அடித்துவிடும்.

உங்கள் ஸ்பீக்கர் கரன்ட் வந்ததும் ஒரு முறை தானாகக் கை தூக்குகிறது. அதற்குப் பிறகு அதை யாருமே கேட்கவில்லை, அதுவும் வாய் திறக்கவில்லை. 260 ஆனதும் சுவிட்ச் பெயரை அடித்துவிட்டது. ‘அன்நோன் மல்டிகாஸ்ட்’ (கேட்பவர் யார் என்று தெரியாதது) என்ற இடத்தில் ‘ட்ராப்’ (தூக்கி எறி) என்று போட்டிருப்பீர்கள், அதனால் முழு அமைதி. பழைய சுவிட்ச்சுக்கு மல்டிகாஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லா போர்ட்டிலும் கொட்டியது. அதனால்தான் பாடியது.

பழையகம்பி

நம்பாமல் பார்க்க வேண்டுமென்றால் போர்ட் மிரரிங் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் போர்ட்டின் நகலை உங்கள் லேப்டாப் போர்ட்டுக்கு அனுப்பி, வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பார்க்கும் மென்பொருள்) ‘ஐஜிஎம்பி’ என்று வடிகட்டுங்கள்.

ஜவுளிக்கடை_ஐடி

அண்ணே, பார்த்தேன். ஸ்பீக்கரை ஆன் செய்ததும் இரண்டு ‘மெம்பர்ஷிப் ரிப்போர்ட்’, அக்கா சொன்ன கை தூக்கல். அதற்குப் பிறகு பத்து நிமிடம் விட்டுப் பார்த்தேன், ஒரு ‘க்வெரி’ கூட இல்லை. அக்கா சொன்னபடி ட்ராப் டிக்கும் இருந்தது, நான்தான் போட்டேன். பாதுகாப்பு என்று தோன்றியது.

நடு சுவிட்ச்சில் க்வெரியரை ஆன் செய்தேன். இப்போது 125 விநாடிக்கு ஒரு முறை க்வெரி வருகிறது. ஸ்பீக்கர் பதில் சொல்லவில்லை! 4 நிமிடம் 20-இல் அதே அமைதி.

நெட்வொர்க்_அக்கா

வயர்ஷார்க்கில் அந்த க்வெரியின் அனுப்புநர் முகவரி என்ன? 0.0.0.0 என்று இருந்தால், நடு சுவிட்ச்சுக்கு ஸ்பீக்கர் வீலானில் ஐபி முகவரி இல்லை. முகவரி இல்லாதவன் கேட்கும் கேள்வியைச் சில கருவிகள் மதிப்பதில்லை. அந்த வீலானில் ஓர் ஐபி கொடுங்கள்.

ராக்_அடியில்_தூக்கம்

நான் வேறு கேள்வி கேட்கிறேன். அந்த வீலானில் ஸ்பீக்கரையும் பாட்டு பிசியையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. பன்னிரண்டுமே அதே பாட்டைத்தான் கேட்கின்றன. அப்புறம் யாருக்குப் பாட்டுப் போகாமல் தடுக்க ஸ்னூப்பிங்? அந்த வீலானில் மட்டும் அதை ஆஃப் செய்துவிட்டால் முடிந்தது. கேமராவும் வைஃபையும் ஒரே வீலானில் கலந்து கிடந்தால் அவசியம், மல்டிகாஸ்ட் வைஃபை காற்றில் ஏறினால் மெதுவான வேகத்தில் ஊர்ந்து எல்லாரையும் இழுக்கும். இங்கே அது இல்லை.

நெட்வொர்க்_அக்கா

அதுவும் நியாயம்தான். ஆனால் நாளைக்கு இவர் ஒரு மாடிக்கு ஒரு பாட்டு என்று பிரித்தால் திரும்ப வேண்டியிருக்கும். க்வெரியர் சரியாக ஓடினால் இரண்டுக்கும் பொருந்தும்.

ஜவுளிக்கடை_ஐடி

அனுப்புநர் 0.0.0.0-தான் அக்கா. வீலானில் ஓர் ஐபி கொடுத்தேன். அடுத்த க்வெரிக்கே பன்னிரண்டு ரிப்போர்ட்டும் வரிசையாக வந்து விழுந்தன. நேற்று காலை ஒன்பதரையிலிருந்து இரவு கடை மூடும்வரை பாட்டு நிற்கவில்லை. சேவ் பண்ணினேன், இரண்டு தடவை. கான்ஃபிக் ஃபைலை பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று வைத்திருக்கிறேன்.

ராக் அண்ணன் சொன்னது மனதில் இருக்கிறது. இப்போதைக்கு க்வெரியரோடு விடுகிறேன், மாடிக்கு ஒரு பாட்டு என்ற பேச்சு ஏற்கெனவே முதலாளி வாயில் வந்துவிட்டது.

ராக்_அடியில்_தூக்கம்

சரி, ஸ்டார்ம் கன்ட்ரோலில் மல்டிகாஸ்ட்டுக்கும் அளவு போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் ஸ்பீக்கர் போர்ட்டுகளில் எடுத்துவிடுங்கள். மூன்று பாட்டு ஒன்றாக ஓடும் அன்றைக்கு அது கழுத்தைப் பிடிக்கும்.

ஜவுளிக்கடை_ஐடி

போட்டிருந்தேன். இப்போது பிராட்காஸ்ட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன் நாளை மறுபடி வருகிறார், இரண்டாம் மாடியில் கவுன்டர் மாற்ற.